அரண்மனைக்கு இலவச நாள் கேட்பதென்றால், எந்த நாளைக் கேட்பது?

எங்கள் பக்கத்தில் “அரண்மனைக்குப் போயிட்டு வர்றேன்” என்று ஒருவர் கிளம்பினால், சேலை எடுக்கவோ நகையை மீட்கவோ போகிறார் என்று பொருள். ராமநாதபுரத்தில் அரண்மனை என்பது முதலில் கடைவீதி, அப்புறம் பஸ் நிற்கும் இடம், அதற்கும் அப்புறம்தான் சேதுபதி மன்னர்களின் வீடு. தேவிபட்டினத்திலிருந்து ஐம்பது வருடமாக அந்த வாசலுக்குப் போய்வந்த என் அப்பத்தா, உள்ளே இருக்கும் ராமலிங்க விலாசம் என்ற பழைய ஓவிய மண்டபத்துக்குள் ஒருநாள்கூடக் காலெடுத்து வைத்ததில்லை. ஏன் அப்பத்தா என்று கேட்டதற்கு, “அங்க நமக்கென்னப்பா சோலி” என்றார். டிக்கெட் காசைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

எங்கள் வாசகர் வட்டத்தில் இப்போது ஒரு மனு தயாராகிறது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ராமலிங்க விலாசத்தில் இலவச அனுமதி நாள் வேண்டும் என்று கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதாகத் திட்டம். கொடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த நாளைக் கேட்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. ஆறேழு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரண்மனை வளாகத்தின் பெரும்பகுதி இன்றும் அரச குடும்பத்தார் வசம் இருக்கிறது. நாம் பேசுவது ராமலிங்க விலாசத்தை மட்டும். அது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. மத்திய அரசின் தொல்லியல் துறை தன் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை இலவசமாக விடுகிறது; மார்ச் 8 அன்று பெண்களுக்குக் கட்டணமில்லை; 2022 ஆகஸ்ட் 5 முதல் 15 வரை நாடு முழுவதும் எல்லோரையும் சும்மா விட்டார்கள். இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு “நம்ம அரண்மனையிலும் அப்படித்தானே” என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டு துறைகளும் வேறு, உத்தரவுகளும் வேறு. இங்கே வேண்டுமென்றால் இங்கேதான் கேட்க வேண்டும்.

வட்டத்தில் முதலில் எழுந்த யோசனை, வருடத்தில் ஒரு நாள். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள். இல்லாவிட்டால் நவம்பர் 19 முதல் 25 வரை வரும் பாரம்பரிய வாரம். கேட்பதற்கு எளிது, கொடுப்பதற்கும் எளிது. நவம்பரை நான் உடனே தள்ளிவிடுவேன். வடகிழக்குப் பருவமழை நம் கரையை அடிக்கும் மாதம் அது. குடையோடு வரும் கூட்டத்தின் ஈரம் ஓவியச் சுவருக்கு ஆகாது. ஏப்ரல் 18-ஐப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது.

அடுத்தது வாரம் ஒரு நாள். பலருக்குப் பிடித்த யோசனை இது. ஸ்பெயினில் கிரனாடா நகரத்து அல்ஹம்ப்ரா அரண்மனையில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இலவசம். நாமும் அதையே கேட்போமே என்றார் ஒரு நண்பர். கேட்கலாம். ஆனால் கிரனாடாவின் ஞாயிறும் நம் கரையின் ஞாயிறும் ஒன்றா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கத்தில், கடலுக்குப் போக விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி; மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு காலையில் கரைக்கு வரும். மீன் இறக்கி, ஏலம் போட்டு, ஐஸ் பெட்டி கட்டி, வலையில் சிக்கியதைப் பிரித்து முடிப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்தில் ஞாயிறு பூசையும் இருக்கிறது. திங்களில் போனது செவ்வாயில் வரும், புதனில் போனது வியாழனில் வரும். ஆக விசைப்படகுத் தொழிலாளிக்கு வாரத்தில் கடலும் இல்லாமல் ஏலமும் இல்லாமல் கிடைக்கிற ஒரே நாள் வெள்ளி. அன்று கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் தொண்டியிலும் ஜும்ஆ. நாட்டுப்படகுக்காரருக்கோ வெள்ளி தொழில் நாள். தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்கள் கிழமை பார்ப்பதே இல்லை, நீர் வற்றும் நாளைத்தான் பார்ப்பார்கள்.

எந்தக் கிழமையைச் சொன்னாலும் கரையில் பாதிப்பேருக்கு அது வேலை நாளாகவோ வழிபாட்டு நாளாகவோ இருக்கிறது. வாரம் ஒரு நாள் என்று வாங்கி வைத்தால் அது டவுனில் சம்பள வேலை பார்க்கிறவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பயன்படும். அதுவும் நல்லதுதான். ஆனால் மனுவில் ‘கடற்கரை மக்கள்’ என்று எழுதிவிட்டு டவுன்காரர்களுக்கு வாங்கிக் கொடுப்பது சரியாகப் படவில்லை.

சாயங்கால நேரத்தைக் கேட்போம் என்றது இன்னொரு யோசனை. மாட்ரிட் அரண்மனையில் திங்கள் முதல் வியாழன் வரை கடைசி இரண்டு மணி நேரம் ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கும் லத்தீன் அமெரிக்க நாட்டவருக்கும் கட்டணமில்லை. தேவிபட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இது ஒத்துவரும். சாமான் வாங்க வந்தவர்கள் கடைசியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு பஸ் ஏறலாம். தூரத்துச் சாயல்குடிக்காரருக்கு ஒத்துவராது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸுக்கு நிற்பதற்கு எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார்.

பஸ் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசில்லை. கிட்டத்து ஊர்ப் பெண்கள் செலவில்லாமல் அரண்மனை வாசல் வரை வந்துவிடுகிறார்கள். தூரத்து ஊர்க் குடும்பத்துக்கு நாலு பேர் போய்வரும் பஸ் காசையும், ஒரு நாள் தொழில் போவதையும் வைத்துப் பார்த்தால், நுழைவுச்சீட்டுக் காசு பெரிய தொகையே இல்லை. இலவசம் கேட்பது தப்பென்று சொல்லவில்லை. காசை மட்டும் எடுத்துவிட்டால் கூட்டம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள் என்கிறேன்.

அடையாள அட்டை வைத்திருக்கும் உள்ளூர்க்காரருக்கு வருடம் பூராவும் இலவசம் என்பது நான்காவது. பாங்காக் பெரிய அரண்மனையில் தாய்லாந்துக் குடிமக்களுக்கு எப்போதும் கட்டணமில்லை, வெளிநாட்டார் கொடுப்பதில் கணக்கு நேராகிவிடுகிறது. நமக்கு அப்படி வெளிநாட்டுக் கூட்டமில்லை. ராமேசுவரத்துக்குப் போகிற யாத்திரைக் கூட்டம் ராமநாதபுரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் வருகிறவர் குறைவு என்பதாலேயே, உள்ளூர்க்காரரைச் சும்மா விட்டால் துறைக்குப் பெரிய நட்டமும் வராது. மனுவில் இந்த வாதத்தைச் சேர்க்கலாம்.

இதில் என் தயக்கம் ‘உள்ளூர்’ என்ற சொல்லில் இருக்கிறது. 1985-இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தார்கள்; சிவகங்கைக்காரர் இப்போது வெளியூரா? வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு இரண்டு மாத லீவில் கீழக்கரைக்கு வருகிற காக்காவின் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கையில் எந்த முகவரி இருக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, மண்டபம் என்ற ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இதே கரையில் பிறந்து, இதே பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணமும் முடித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வாசலில் ஒருவர் உட்கார்ந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஏற்பாட்டில் முதலில் கூசி ஒதுங்குவது அவர்களாகத்தான் இருக்கும். சேதுவைக் காத்தவன் என்று பட்டம் வைத்துக்கொண்ட அரசனின் வாசலில், அந்தப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவரிடம் ‘உள்ளூரா’ என்று கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

அட்டைதான் வேண்டுமென்றால் லண்டனில் செய்வதுபோலச் செய்யலாம். லண்டன் கோட்டை அரண்மனை இருக்கும் டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தார், தங்கள் நூலக அட்டையைக் காட்டி ஒரு பவுண்டுக்கு உள்ளே போகலாம். முழுக்க இலவசம் கிடையாது, ஆனால் நூலக அட்டை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினரானால் அரண்மனைக்கும் வழி திறக்கும் என்றால் இரண்டு இடத்திலும் ஆள் நடமாட்டம் கூடும். எங்கள் வட்டத்தில் இதைச் சொன்னதும் நூலகர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு தம்பி, சியோலில் ஹன்போக் என்ற அவர்களது பாரம்பரிய உடையில் வந்தால் அரண்மனைக்குள் இலவசம் என்று படித்திருக்கிறான். வேட்டி சேலைக்கு இலவசம் என்று கேட்போம் என்றான். எங்கள் ஊரில் அப்படி அறிவித்தால் யாரிடமும் காசு வாங்க முடியாது, டிக்கெட் கவுண்டரை மூடிவிடலாம்.

நவராத்திரியும் பேச்சில் வந்தது. அரண்மனை வளாகத்தில் ராஜராஜேஸ்வரி அம்மன் கோயிலில் ஒன்பது நாளும் விழா. அந்த அம்மன் மன்னருக்குச் செங்கோல் கொடுக்கிற காட்சி ராமலிங்க விலாசத்தின் ஓவியத்திலேயே இருக்கிறது. சாமி கும்பிட வந்தவர்கள் அப்படியே உள்ளே போய் அதே அம்மனைச் சுவரில் பார்க்கலாம். கேட்கவே இனிக்கிறது. ஆனால் திருவிழாக் கூட்டத்தைக் குறுகிய இடத்தில் விட்டால் என்ன ஆகும்? அந்த ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் மேல் இருப்பவை. தோள் உரசும், பிள்ளை கை வைக்கும், மூச்சும் வியர்வையும் சேரும். ஏற்கெனவே உப்புக்காற்று தின்கிற சுவர். அல்ஹம்ப்ராவில்கூட உள் அரண்மனைக்கு மணிக்கணக்குப் போட்டுத்தான் ஆளை விடுகிறார்கள். நவராத்திரி வேண்டாம் என்பதே என் கட்சி. அப்படி ஒரு கூட்டத்துக்கு வாசலில் விளக்குப் போதும். மைசூர் அரண்மனையில் ஞாயிறு இரவுகளில் விளக்கேற்றுவதைப் பார்க்கத்தான் ஜனம் திரள்கிறது, அதற்குக் கட்டணமும் இல்லை, சுவருக்கும் சேதமில்லை.

இனி என் யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். இந்த இரண்டு மாதமும் ராமலிங்க விலாசம் எல்லோருக்கும் இலவசம் என்று கேட்போம்.

பிரான்சில் வெர்சாய் அரண்மனை, நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று வைத்திருக்கிறது. குளிர்காலம், சுற்றுலாக் கூட்டம் குறைவு, ஆகவே கதவைத் திறந்து விடுகிறார்கள். அது அரண்மனையின் ஓய்ந்த காலத்தைப் பார்த்து வைத்த கணக்கு. நாம் கடலின் ஓய்ந்த காலத்தைப் பார்த்து வைப்போம். நல்லவேளையாக இங்கே இரண்டும் ஒன்றாக வருகின்றன. மே மாத வெயிலில் ராமநாதபுரத்துக்கு அரண்மனை பார்க்க வெளியூரிலிருந்து யார் வரப் போகிறார்கள்? கூட்டம் குறைவான காலம் என்பதால் அட்டை பார்த்து ஆளைப் பிரிக்க வேண்டியதில்லை. வந்தவர் எல்லோரும் உள்ளே போகட்டும். முகாமிலிருந்து வந்தவரும், சிவகங்கையிலிருந்து வந்தவரும்.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. ரமலான் நோன்பு இந்த வருடங்களில் ஏப்ரலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா மட்டும் இப்போது மே மாத வாக்கில் வருகிறது. அந்த நாளை விட்டு வேறு நாள் போகலாம், கையில்தான் இரண்டு மாதம் இருக்கிறதே. முன்னே சொன்ன ஏப்ரல் 18 பாரம்பரிய நாளும் தடைக்காலத்தின் நான்காவது நாளில் வந்து விழுகிறது. தொடக்கவிழா வைக்க வேண்டுமென்று அதிகாரிகள் நினைத்தால் தேதி ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுக்காரர் இந்த மாதங்களிலும் கடலுக்குப் போகிறார், மீன் விலை ஏறியிருக்கும் நேரத்தில் அவர் ஒரு நாளை விட மாட்டார். ஆனால் 61 நாளில் காற்று மாறிக் கரையிலிருக்கிற நாள் ஒன்றிரண்டு அவருக்கும் அமையும். குறித்த ஒரு கிழமையில் அதை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, தடைக்காலத்தில் வீட்டில் காசு இருக்காது. வலை பின்னுவதும் படகுக்கு வர்ணம் அடிப்பதுமாகப் போகிற மாதங்கள். அதனால்தான், மற்ற நேரத்தில் பெரிதாகப் படாத நுழைவுச்சீட்டுக் காசு அந்த இரண்டு மாதத்தில் மட்டும் கண்ணில் உறுத்தும். இலவசம் என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் வரும்.

இப்போது அப்பத்தாவின் கேள்விக்கு வருகிறேன். நமக்கென்ன சோலி?

இதற்கு யாரும் அவரிடம் பதில் சொன்னதில்லை. போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்து இந்த மண்டபத்தைக் கட்டியவர் 1710 வரை ஆண்ட கிழவன் சேதுபதி. செத்தும் கொடுத்த சீதக்காதி அவருடைய நெருங்கிய நண்பர், கீழக்கரைக்காரர், கடல் வாணிபம் செய்தவர். அரண்மனை எழும்பியதில் அவர் பங்கு பெரிது என்று கீழக்கரையில் இன்றும் சொல்வார்கள். இதே கிழவன் சேதுபதி காலத்தில்தான் போர்ச்சுகலிலிருந்து வந்த கிறித்தவத் துறவி அருளானந்தர் ராமநாதபுரத்தில் விசாரிக்கப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். ஓரியூர் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்கிற குடும்பங்கள் நம் கரையில் எத்தனை! அவர்களுக்கு இந்த மண்டபம் வேறொரு மாதிரித் தெரியும், தெரியட்டும். 1798-இல் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும், அது கைகலப்பில் முடிந்ததும் இங்கேதான். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் பாம்பன் குந்துகாலில் கரையேறியபோது வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. குந்துகாலில் படகு கட்டுகிறவருக்கு அந்த இடம் தெரியும், அரசர் வாழ்ந்த வீடு தெரியாது.

சுவரில் என்ன இருக்கிறது? கிழவன் சேதுபதிக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ராமாயணக் கதை, கண்ணன் கதை, தொப்பியும் கால்சட்டையுமாக வந்த ஐரோப்பியரை மன்னர் வரவேற்கிற காட்சி. கடல் வழியாக வந்தவர்களைக் கடற்கரை அரசன் எப்படி எதிர்கொண்டான் என்பதை, அன்று கண்ணால் பார்த்த ஓவியன் வரைந்து வைத்த மாதிரி இருக்கிறது. அருகில் நின்று ஒருவர் விரல் காட்டிச் சொல்லாவிட்டால், மங்கிய சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ உருவங்கள் என்று பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். நான் முதல்முறை அப்படித்தான் வந்தேன். இரண்டாவது முறை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரோடு போனேன். ஒரே சுவரின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றோம்.

ஆகையால் மனுவில் ‘கட்டணமில்லை’ என்பதோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: தடைக்காலத்தில் காலை ஒருமுறை, மதியத்துக்கு மேல் ஒருமுறை, படம் காட்டிக் கதை சொல்ல ஓர் ஆள். ஒரு தடவைக்கு இருபது பேர், அதற்கு மேல் வேண்டாம். சுவருக்கும் நல்லது, கேட்கிறவருக்கும் நல்லது. துறையால் ஆள் போட முடியாவிட்டால் எங்கள் வட்டத்திலேயே கற்றுக்கொண்டு சொல்ல நாலைந்து பேர் இருக்கிறோம். அனுமதி மட்டும் போதும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று சொன்னால் நான் இலவசத்தை விட்டுவிட்டுக் கதை சொல்கிறவரை எடுத்துக்கொள்வேன். வட்டத்தில் பாதிப்பேருக்கு இதில் உடன்பாடில்லை. “முதல்ல உள்ள வரட்டும்ணே, அப்புறம் கதை சொல்லலாம்” என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போதைக்கு மனுவின் வரிசை இப்படி நிற்கிறது. தடைக்காலம் முழுவதும், அட்டை கேட்காமல், கதை சொல்லும் ஏற்பாட்டோடு. அது முடியாதென்றால் ஏப்ரல் 18-லிருந்து மே கடைசி வரை. அதுவும் முடியாதென்றால் வருடம் பூராவும் நூலக அட்டைக்குக் கட்டணக் குறைப்பு. வாரம் ஒரு நாள் என்பதை எழுதவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுதினால் அதையே கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

கையெழுத்து வாங்க வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபம் ஊருக்குப் போகிறோம். ஏலம் முடிந்த பிறகு வாருங்கள், அதற்கு முன்னால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள் என்று அங்கிருந்து தகவல் வந்திருக்கிறது.